மரியானாவின் இரண்டாவது பெயர்

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் என் மாமியார் ஐரீன், ஒரு பழைய ஜெபப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மேன்வில்லில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து பிரிட்ஜ்வாட்டருக்குப் பத்து நிமிடம்தான். எண்பத்துமூன்று வயதிலும் தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். எப்போதும் போன் பண்ணிவிட்டுத்தான் வருவார், அன்று பண்ணவில்லை. என் கணவன் டேவிட் எங்கள் மகள் ஹம்சாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

கல்யாணமான புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்திருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் அவர் ஐரீன்தான். பொள்ளாச்சியில் வளர்ந்த என் நாக்கு மாமியாரின் பெயருக்கு வளையவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவர் இருக்கும் அறைக்குப் போய், எதிரில் நின்றுகொண்டு பேச ஆரம்பிப்பேன். உன் மனைவி பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நிற்கிறாள் என்று அவர் டேவிட்டிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் 'அத்தை' என்று கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் 'ஆட்டே' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஆனால் அவருக்கு என்மேல் ஒரு வருத்தம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நான் டேவிட்டின் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டு கோசிக் ஆகவில்லை. பாஸ்போர்ட், கிரீன் கார்டு, ஆபீஸ் அட்டை எல்லாவற்றிலும் யாமினி நஞ்சப்பன் என்றே இருந்தேன். வருடா வருடம் அவர் அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டையின் உறையில் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் டேவிட் கோசிக்' என்று அழுத்தி எழுதியிருக்கும். பதினைந்து வருடமாக அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பெயரை மாற்றாத பெண் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறாள் என்று அவர் நினைப்பதாக நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கும்போதெல்லாம் ஒரு வீம்பும் வரும்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். நடுப்பக்கத்தில் பழுத்த அட்டை ஒன்று இருந்தது. கப்பலில் வந்தவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டிய பரிசோதனைச் சீட்டு. மேல் ஓரத்தில் ஊசி போன ஓட்டை இன்னும் இருந்தது. கறுப்பு மை பழுப்பாகியிருந்தது. வருடம் 1912. பெயர்: ஷ்செபனோவா, மரியானா.

மரியானா, ஐரீனின் அப்பாவைப் பெற்றவள். பத்தொன்பது வயதில் போலந்திலிருந்து தனியாக வந்து, கம்பளி ஆலையில் வேலை பார்த்து, மூன்று வருடம் கழித்து ஜோசப் பியெலாக் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாதா கோயில் பதிவேட்டில் மணப்பெண்ணின் பெயர் மரியானா லிஸ் என்று இருக்கிறது. பெற்றோர் பெயர் எழுதும் வழக்கம் அந்தக் கோயிலில் அப்போது இல்லை.

1956-இல் அவள் இறந்தபோது ஐரீனுக்குப் பதினான்கு வயது. ஜோசப் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். சவப்பெட்டியில் வைப்பதற்காக ஜெபப் புத்தகத்தை எடுத்த ஜோசப்பின் தங்கை கையில் இந்தச் சீட்டு விழுந்தது. அந்த அம்மாள் அதைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தாள். ஷ்செபான் என்பது ஆண் பெயர். அதோடு 'ஓவா' சேர்ந்தால் அவனுடைய மனைவி என்று அர்த்தம். போலிஷ் பேசும் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நோவாக்கின் மனைவி நோவாக்கோவா. ஆக, லிஸ் வீட்டில் பிறந்து, ஷ்செபான் என்ற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனை விட்டுவிட்டுக் கப்பல் ஏறி வந்தவள் மரியானா. இங்கே என் அண்ணனை ஏமாற்றிக் கட்டிக்கொண்டாள், இவளை அவன் பக்கத்தில் புதைக்க விடமாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்.

ஐரீனின் அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேலியோரமாக வேறு இடம் வாங்கி அம்மாவைப் புதைத்தார். கல்லில் 'அம்மா' என்று மட்டும் போலிஷில் பொறிக்கச் சொன்னார். எந்தப் பெயரைப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் பிறப்பையே சந்தேகித்துக்கொண்டு முப்பது வருடம் இருந்துவிட்டுப் போனார்.

"அந்தக் கல்லில் பெயர் போடணும்," என்றார் ஐரீன். "நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள. ஆனா உண்மையான பெயர்தான் போடுவேன். தெரியாத பெயரைப் போட மாட்டேன்."

நவம்பர் முதல் தேதி அவர்களுக்குக் கல்லறைகளில் விளக்கேற்றும் நாள். கல் வேலை செய்பவர் அக்டோபர் பதினைந்துக்குள் எழுத்துகளைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கம்பெனியில் தகவல்களைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறவள் நான். அதனால் என்னிடம் வந்ததாகச் சொன்னார். பிறகு அட்டையைப் பார்த்தபடியே, டேவிட் தேடினால் கண்டுபிடித்ததை அப்படியே சொல்லிவிடுவான், நீ கொஞ்சம் யோசித்துச் சொல்வாய் என்றார்.

எனக்கு அது பாராட்டா என்று தெரியவில்லை. மரியானா உண்மையிலேயே ஓடிவந்தவளாக இருந்தால்? அதை இவரிடம் சொல்ல நேர்ந்தால் என்ன சொற்களில் சொல்வேன் என்று அன்றிரவு முழுக்க மனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு பெண் கணவனை விட்டு வந்தால் என்ன, துணிச்சல்காரி என்று நினைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்குச் சரி. ஐரீனுக்குத் தேவை அதுவல்ல. அப்பாவின் தலைகுனிவுக்கு ஒரு பதில் வேண்டும். அவர் இல்லாமல் போன பிறகாவது.

கப்பலில் வந்தவர்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஷ்செபனோவாவை ஒரு வாரம் விதவிதமான எழுத்துக்கூட்டலில் தேடியபின் அகப்பட்டாள். வயது பத்தொன்பது. கல்யாணமானவரா என்ற கட்டத்தில் 'இல்லை' என்பதற்கான எழுத்து. கடைசியாக வசித்த ஊர், ஏதோ ஒரு கிராமம். ஐரீனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். ஓடிவந்தவள் வேறு என்ன சொல்லியிருப்பாள் என்று மெதுவாகக் கேட்டார்.

மரியானா தன் அப்பாவைப் பற்றி ஏதாவது பேசியிருக்கிறாளா என்று கேட்டேன். சாப்பிடும் முன் ஜெபத்தில் 'தாதா' என்று சொல்வாள், அப்பா என்று அர்த்தம், பெயர் சொன்னதில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா வசந்தாமணியும் என் தாத்தாவின் பெயரைச் சொன்னதே இல்லை. ஸ்கூல் பாரத்தில் எழுத வேண்டியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு ஐரீன் மதிய சாப்பாட்டுக்கு வந்திருந்தார். எலுமிச்சை சாதம் அவருக்குப் பிடிக்கும், கடலையை மட்டும் ஓரமாக ஒதுக்கி ஹம்சாவின் தட்டில் போடுவார். போன் அடித்தது. டேவிட் எடுத்தான். மருந்துக்கடையிலிருந்து. மிஸ்டர் நஞ்சப்பன் இருக்கிறாரா என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

"யெஸ், திஸ் இஸ் ஹீ," என்றான் டேவிட். என் தைராய்டு மாத்திரையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்தான்.

ஐரீன் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் குடும்பப் பெயரை நீ எதற்குச் சொல்லிக்கொள்கிறாய் என்று கேட்டார்.

டேவிட்டுக்குக் குஷி வந்துவிட்டது. அது குடும்பப் பெயரே இல்லை, அவளுடைய அப்பாவின் பெயர், அவரை ஊரில் எல்லாரும் கூப்பிட்ட பெயர் என்றான். ஹம்சா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என்னை மிஸ்டர் நஞ்சப்பன் என்று உள்ளே கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில், விமான நிலையத்தில், எல்லா இடத்திலும் நான் நஞ்சப்பன்தான், பதினைந்து வருடமாக என் மாமனாராகவே வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்றான்.

"தாத்தா வுட் பி சோ மேட்," என்றாள் ஹம்சா, வாய் நிறையக் கடலையோடு.

"தாத்தா கோவிச்சுக்க மாட்டாரு. உங்கப்பா அவர் பேரச் சொல்லிக்கிட்டு கடுகு பொரியறதுக்குள்ள அடுப்ப அணைக்காம இருந்தாப் போதும்னு சொல்வாரு," என்றேன்.

ஐரீன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது உன் அப்பாவோட பெயரா? அவரோட சொந்தப் பெயர்?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் போடுவோம். இங்கே கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட முடியாது. அதனால் அப்பாவை அதில் உட்காரவைத்துவிட்டோம் என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. எழுந்துபோய் என் மேசையிலிருந்த சீட்டின் நகலை எடுத்து வந்தேன். சாதத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அத்தை, ஷ்செபான் அவ அப்பாவா இருந்தா?"

அவர் உடனே தலையசைத்து மறுத்தார். அப்பா என்றால் ஷ்செபனூவ்னா என்று வரும். மகளுக்கு வேறு விகுதி, மனைவிக்கு வேறு விகுதி. 'ஓவா' மனைவிதான். அறுபத்தொன்பது வருடமாக அந்த விகுதியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒரே சொல் மனைவியையும் மகளையும் எப்படிக் குறிக்கும் என்று கேட்டார்.

"நான் உங்கள அத்தைன்னு கூப்பிடறேன் இல்லையா? எங்க அப்பாவோட தங்கச்சியையும் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். ஒரே சொல்தான். ரெண்டு பேரும் வேற வேற ஆளு," என்றேன்.

அவர் அட்டையின் நகலைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

அன்று மாலையே, பழைய போலந்துப் பதிவுகளைப் படிக்க உதவும் ஒரு குழுவில் சீட்டின் படத்தைப் போட்டு, என் கேள்வியையும் எழுதினேன். வார்சாவிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அந்தக் கிராமம் அப்போது ரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் ரஷ்ய மொழியில். அவர்கள் ஊர்ப் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்களோ அவ்வளவு அப்பா பெயருக்கும் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் 'மரியானா ஷ்செபனோவா லிஸ்' என்று இருந்திருக்கும். போலிஷில் 'ஓவா' மனைவி. அந்த ரஷ்யக் காகிதங்களில் மகள். துறைமுகத்தில் எழுதியவர் நடுப்பெயரைக் கடைசிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, லிஸ்ஸை விட்டுவிட்டார். இது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது என்று முடித்திருந்தார்.

நிறையப் பேருக்கு. என் அண்ணன் ரஞ்சித்குமாருக்கு டெக்சாஸில் முதல் பெயரே இல்லை; அவன் பெயர் முழுக்கக் கடைசிப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விட்டது. இர்விங்கில் அவன் வாங்கிய லைசென்ஸில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் மூன்று எழுத்துச் சுருக்கம்தான் முதல் பெயராக இருக்கிறது. அவனை டாக்டர் ஆபீஸில் அந்த மூன்று எழுத்தைக் கூட்டி 'ஃப்னூ' என்று கூப்பிடுகிறார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மரியானாவுக்குச் சிரிக்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நெஞ்சில் அப்பாவின் பெயரைக் குத்திக்கொண்டு வந்தவள், அந்தச் சீட்டை எறியாமல் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தாள். ஏன் வைத்திருந்தாள் என்று அதுவரை நான் யோசிக்கவில்லை. ஒளித்து வைப்பவள் கோயிலுக்குத் தினமும் எடுத்துப்போகும் புத்தகத்திலா வைப்பாள்?

ஆனால் இது ஊகம். ஐரீன் ஊகத்தைக் கல்லில் போடமாட்டார். வார்சாக்காரர் சொன்ன வழியில் அந்தக் கிராமத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடினேன். ஆவணக் காப்பகம் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருந்தது. ஆபீஸ் மதிய இடைவேளைகளில் எனக்குத் தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்காவது நாள் 1893-ஆம் வருட ஏட்டில் லிஸ் என்ற சொல்லை அடையாளம் கண்டேன். அந்தப் பக்கத்தை வார்சாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், வந்திருந்த மொழிபெயர்ப்பைப் படித்தேன்.

'ஷ்செபான் லிஸ், முப்பத்தெட்டு வயது, விவசாயி, நேரில் வந்தார். இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் ஒரு பெண் குழந்தையை எங்களிடம் காட்டினார். முந்தின நாள் காலை ஆறு மணிக்குத் தன் மனைவி பிரசவித்த குழந்தை என்று தெரிவித்தார். குழந்தைக்கு மரியானா என்று பெயரிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவராகையால் அவர் கையெழுத்திடவில்லை.'

அப்படித்தான் எல்லாருக்கும் எழுதுவார்கள், அது வழக்கமான வாசகம் என்று மொழிபெயர்த்தவர் குறிப்புப் போட்டிருந்தார். அதனால் என்ன. ஒரு நாள் வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இதோ என்று அவன் காட்டியிருக்கிறான்.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்த வருடம் என் பிறப்புச் சான்றிதழ் பெரிய தொல்லையாக இருந்தது. அதில் என் பெயரே இல்லை. பெண் குழந்தை, தகப்பனார் பெயர் நஞ்சப்பன். அவ்வளவுதான். வக்கீல் அதை ஏற்கவில்லை. அம்மாவிடமும் மாமாவிடமும் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. அப்போது அப்பாமேல் எனக்குக் கோபம். காரிலேயே உட்கார்ந்து அம்மாவுக்கு போன் பண்ணினேன். அவளுக்கு அங்கே சாயங்காலம்.

"அம்மா, என்னோட பிறப்பப் பதிய ஆபீசுக்கு யாரு போனது?"

"உங்கப்பாதான் கண்ணு. நீ பொறந்து மறுநாளே போய்ட்டாரு. சித்த இருங்க, பேரு வெச்சுட்டுப் போய்க்கலாம்னேன். கேக்கோணுமே? அங்க கிளார்க்கு பேரென்னன்னு கேட்டதுக்கு, பேரு இன்னும் வெக்கிலீங்க, பொண்ணு, எம்பொண்ணு, அத மட்டும் எழுதிக்குங்கன்னாராம். வந்து பெருமையாச் சொல்றாரு." அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் கண்ணு, மறுபடி ஏதாச்சும் பேப்பர் கேக்கறாங்களா?"

இல்லை என்றேன். சம்பந்தியம்மாவுக்காகக் கேட்டேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அப்பா போய் எட்டு வருடமாகிறது. அழுது முடித்துவிட்டுத்தான் காரிலிருந்து இறங்கினேன்.

ஐரீன் வீட்டுக்கு அன்று மாலை போனேன். அச்செடுத்த காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, சமையலறையில் டீ போடுவதுபோல் நின்றேன். அவர் படித்து முடிக்க வேண்டிய நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. பிறகு 'யாமினி' என்று கூப்பிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காகிதத்தின் ஒரு வரியில் விரலை வைத்திருந்தார். காட்டினார் என்ற வரி.

"என் அப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்தா," என்று ஆரம்பித்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, உன் அப்பா பெயரை இன்னொரு முறை சொல் என்றார். சொன்னேன். அவர் 'நஞ்-ஜா-பன்' என்றார். திருத்தினேன். மறுபடி சொன்னார். நான்காவது முறை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. இத்தனை வருடம் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தேனா என்று கேட்டார். நானும் உள்ளே கூப்பிடவில்லை என்றேன். அது உண்மை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வீம்பாக இருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்திருக்கிறது.

கல்லுக்கு எழுத்துகள் கொடுக்க இரண்டு நாள் பாக்கி. மரியானா லிஸ் பியெலாக் என்று போடுவார் என்றே நானும் டேவிட்டும் நினைத்தோம். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் நான்கு சொற்கள் இருந்தன. மரியானா ஷ்செபனோவா லிஸ் பியெலாக்.

டேவிட் தயங்கினான். அம்மா, போலிஷ் தெரிந்தவர்கள் மறுபடியும் தப்பாகத்தானே படிப்பார்கள், எந்தச் சொல்லால் இவ்வளவும் வந்ததோ அதையே எதற்குப் போட வேண்டும் என்றான்.

"அதை அவ எறியலை. நான் எப்படி எறியறது?" என்றார் ஐரீன். "படிக்கிறவங்க என்கிட்ட கேக்கட்டும். நானும் பக்கத்துலதான் படுத்திருக்கப் போறேன். சொல்றேன்."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, வேலியோரம் மரியானாவுக்குப் பக்கத்து இடத்தை அவர் எப்போதோ தனக்காகக் கேட்டு வைத்திருக்கிறார் என்று. சீட்டின் அர்த்தம் என்னவாக இருந்தாலும் அங்கேயே படுப்பது என்று முடிவு செய்த பிறகுதான் என்னிடம் தேடச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் முதல் தேதி மதியம் நான்கு பேரும் போனோம். கல்லறைத் தோட்டம் முழுக்க மஞ்சள் சாமந்தித் தொட்டிகளும் சிவப்புக் கண்ணாடி விளக்குகளும். எனக்குத் தெரிந்த எந்தப் பண்டிகையையும் அது நினைவூட்டவில்லை. எல்லாரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டு, இலைகளைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய எழுத்துகள் பழைய கல்லில் வெளுப்பாகத் தெரிந்தன. ஹம்சா உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவி, ஷ்-செ-ப-னோ-வா என்று கூட்டிப் படித்தாள்.

ஐரீன் கொண்டுவந்த பையில் மூன்று விளக்குகள் இருந்தன. ஒன்றை மரியானாவுக்கு ஏற்றினார். ஒன்றை நான்கு வரிசை தள்ளி இருக்கும் தன் அப்பாவுக்கு வைத்துவிட்டு வரும்படி டேவிட்டிடம் கொடுத்தார். ஜோசப்புக்கா மூன்றாவது என்று கேட்டேன். அவருக்கு அவர் தங்கை வழிப் பிள்ளைகள் காலையிலேயே வைத்துவிட்டார்கள் என்றார்.

மூன்றாவது விளக்கை என்னிடம் நீட்டினார். கண்ணாடியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அவருடைய சாய்ந்த கையெழுத்தில் என் அப்பாவின் பெயர். ஆங்கில 'ஜே' வர வேண்டிய இடத்தில் போலிஷ் பாணியில் வேறு எழுத்து. இரண்டு 'பி' வர வேண்டிய இடத்தில் ஒன்று விட்டுப் போயிருந்தது.

நான் திருத்தவில்லை. மரியானாவின் விளக்குக்குப் பக்கத்தில் அதை வைத்து, திரியைப் பற்றவைத்தேன்.